முந்நூறுக்கு மேல ஊதணும்

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொல்லிட்டா, எழுதுதேன். நான் அஞ்சாங்கிளாஸ்ல பாதிதான். மிச்சப் பாதி எனக்கு வேண்டாம்னு வாத்தியாரே சொல்லிட்டாரு. தப்பு இருந்தா அவரைத்தான் கேக்கணும்.

பேரு பூதத்தான். வயசு அறுபத்தேழு. செங்கோட்டையில திருமலைக்குமார் மொதலாளியோட மர மில்லுல உப்புத்தாள் மிஷின் ஓட்டுதேன். கதவு, நிலை, சன்னல் எல்லாத்தையும் வழவழன்னு தேச்சுக் குடுக்கது என் வேலை. நான் தேச்ச கதவுல ஈ உக்காந்தா வழுக்கி விழும்.

இப்ப என்னன்னா, மில்லுக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு. அறுபது தாண்டின ஆளு, நெஞ்சு நல்லா இருக்குன்னு டாக்டர் கையெழுத்து இல்லாம மிஷின்ல நிக்கக் கூடாதாம். அறுபது தாண்டினது மில்லுல ரெண்டே பேரு. நானும் மைதீன் பிச்சையும். அவன் பெரிய ரம்பம் ஓட்டுதான். பாய்க்கு டாக்டரம்மா பாத்த அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டா. என்னைய மட்டும் சந்தையில மாட்டைப் புடிச்சுப் பல்லு பாக்கிற மாதிரி பாத்தா. பேரு ஜெபராணி. என் பேத்தி வயசு இருக்கும். ஒரு பிளாஸ்டிக் குழலைக் கையில குடுத்து, "ஊதுங்க தாத்தா"ன்னா.

"தாத்தான்னு கூப்பிட்டா ஊத மாட்டேன்."

"சரி, ஊதுங்க அண்ணே."

ஊதிட்டேன். குழல்ல ஒரு முள்ளு இருக்கு, ஊதினா நகரும். 290ல நின்னுட்டு. ஒரு மாசம் காலையும் சாயந்தரமும் ஊதி எழுதணுமாம். அன்னைக்கு என்ன செஞ்சேன், இருமல் உண்டான்னு அதையும் எழுதணுமாம். வேலை செய்யுத நாள்லயும் முந்நூறுக்கு மேல நின்னா அக்டோபர் மூணாந்தேதி கையெழுத்து. நிக்கலேன்னா மிஷினை மறந்துர வேண்டியதுதானாம்.

அந்த மிஷின்ல நின்னு நாப்பத்தொரு வருசம். கல்யாணம் ஆகி முப்பத்தொம்பது வருசம்தான். மூத்தவ யாருன்னு என் பொஞ்சாதி ஒலகம்மாளுக்கே தெரியும்.

சாயந்தரம் 280. இருமல் இல்ல. கொஞ்சம் உண்டு.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை 285. சாயந்தரம் 270.

வீட்டுல இருந்து மில்லு பத்து நிமிசம் நடை. எனக்கு இப்ப இருவது ஆகுது. வழியில மூணு இடத்துல நின்னு வம்பு பேச வேண்டியிருக்குலா? முடி வெட்டுத கடை முக்குல நின்னு, "என்ன வே, கத்திரிக்கோலு துருப்பிடிச்சுட்டா"ன்னு கேக்கணும். பூக்காரி பக்கத்துல நின்னு, "நேத்து மாலையா இது, வாடின மூஞ்சியா இருக்கே"ன்னு ஒரு போடு போடணும். மூணாவது இடத்துல ஆள் கிடையாது. லைட்டுக் கம்பம்தான். அதையும் புடிச்சுக்கிட்டு ரெண்டு வார்த்தை கேட்டுட்டுத்தான் போறது.

செப்டம்பர் 3, புதன்

பாய் குழலைப் பாத்துட்டான். "என்ன வே பூதம், இந்த வயசுல பீப்பி வாங்கியிருக்கீரு"ன்னான்.

"ஊதிப் பாரும் வே, பெரிய ரம்பக்காரரு."

ஒரே ஊது. 420. எனக்கு ஒரு வயசு மூத்த பய அவன்.

அதுக்குக் காரணம் இருக்கு. அவன் அறுக்கது பச்சைத் தடி. தூளு ஈரமா, அவல் கணக்கா காலடியில விழுந்துரும். எனக்கு வாரது காஞ்ச மரம். தூளு மாவு கணக்கா. அது விழவே செய்யாது. காலம்பற சன்னல் வழியா வெயிலு விழுந்தா தங்கப்பொடி மாதிரி அந்தரத்துல நிக்கும். பாக்க அம்புட்டு அழகு. பாய்கிட்ட அந்த அழகு உண்டா?

சாயந்தரம் 260.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபி. மில்லு லீவு. பாய் வீட்டுல நெய்ச்சோறு. "ஒமக்கு நெஞ்சு சரியில்லைல்லா, ரெண்டு துண்டு போதும்"னு அவன் சொல்ல, நான் சட்டியையே என் பக்கம் இழுத்துட்டேன்.

சாயந்தரம் 335! ஆட்டுக்கறிக்கு அப்படி ஒரு சக்தி.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை 340. சாயந்தரம் 365. மத்தியானம் நல்ல தூக்கம். தூக்கத்துக்கும் சக்தி உண்டு போல.

செப்டம்பர் 8, திங்கள்

சாயந்தரம் 285. ஒலகம்மா காலையிலேயே சண்டை போட்டா. அதான் எறங்கிட்டு.

செப்டம்பர் 10, புதன்

சாயந்தரம் 250. தேக்குக் கதவு பன்னெண்டு தேச்சோம். கேரளாக்காரனுக்கு அறுவது கதவு, ஆயுத பூசைக்குள்ள போயாகணும். எதுத்தாப்புல இழைப்பு மிஷின்ல சேர்மத்துரை நிக்கான். முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு பொம்பளைப் பிள்ளைக்குத் தகப்பன். நான் இருமினா அவன் இருமுதான், அவன் இருமினா நான் இருமுதேன். "என்ன துரை, எசப்பாட்டா"ன்னேன்.

வீட்டுல ஒலகம்மா என் போர்வையை உதறினா. அப்படியே புகை மாதிரி கெளம்பிட்டு. "உங்களைப் புடிச்சு இட்லிக் கொப்பரையில வச்சா தேக்கு இட்லி எடுக்கலாம்"னா.

ரெண்டு நாளா சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குதேன். படுத்தா பூனை வந்து மேல ஏறிரும். "நம்ம தெருவுல ஏதுங்க பூனை"ன்னு ஒலகம்மா கேட்டா. வரும்னு சொல்லிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

சாயந்தரம் 340. இருமல் இல்ல.

(முதல்ல எழுதினதுல பேனா வழுக்கிட்டு. அடிச்சுத் திருத்தியிருக்கேன்.)

செப்டம்பர் 12, வெள்ளி

340. இருமல் இல்ல.

செப்டம்பர் 13, சனி

340. இருமல் இல்லவே இல்ல.

செப்டம்பர் 15, திங்கள்

டாக்டரம்மாகிட்ட போனோம். ஒலகம்மாளும் கூட வந்தா. வராதேன்னுதான் சொன்னேன்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்தா. "பன்னெண்டாம் தேதி முந்நூத்தி நாப்பது. பதிமூணும் முந்நூத்தி நாப்பது. யார் ஊதினா?"

"நாந்தான்."

ஒலகம்மாளுக்குப் பொறுக்க முடியல. "பதினொண்ணாந்தேதியில இருந்து நாந்தான் டாக்டரம்மா ஊதுதேன். நல்லா ஊதியிருக்கேனா? இன்னும் ஊதச் சொன்னாலும் ஊதுவேன். இவாளுக்கு முடியல, பாவம்."

டாக்டரம்மா சிரிச்சு முடிக்க ரெண்டு நிமிசம் ஆச்சு. நானும் சிரிச்சேன், இருமல் வந்து நிப்பாட்டிட்டு. அங்கேயே ஊதச் சொன்னா. 245. சிரிப்பு அவளுக்கும் நின்னுட்டு.

ஒரு தாளை எடுத்து நான் ஊதின நம்பரையெல்லாம் புள்ளி புள்ளியா வச்சு கோடு இழுத்தா. மேற்கு மலை மாதிரி ஏறி எறங்கி இருந்துச்சு.

"எந்த நாள்லெல்லாம் ஏறுது பாருங்க."

"அஞ்சாந்தேதி கறிச்சோறு. ஏழாந்தேதி தூக்கம்."

"மத்த நாள்ல என்ன சாப்பிட்டீங்க?"

"தூசி"ன்னேன்.

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். ஆனா டாக்டரம்மா அதையே அந்தத் தாள்ல எழுதிட்டா.

அப்புறம் எல்லாம் சொன்னா. மாவுத் தூசி மூச்சுக்குழாய்ல போய் உக்காந்து அதை இறுக்கிப் புடிக்குதாம். தேக்கு, ஈட்டி, வாகை எதுவும் விதிவிலக்கு இல்லையாம். வாயில வச்சு உறிஞ்சுத மருந்து ஒண்ணு குடுத்தா. மூக்குமூடி குடுத்தா. மிஷின் பக்கத்துலேயே தூசியை உறிஞ்சி எடுக்க ஒரு மிஷின் உண்டாம், மொதலாளியை மாட்டச் சொல்லணுமாம். கடைசியா, "அந்தத் தூசி காத்துல பறந்துட்டு இருக்கும்போது ஒரு பொட்டு நெருப்பு பட்டா போதும், மில்லே போயிடும்"னா.

அதுக்குத்தான் எனக்குச் சிரிப்பாணி வந்துட்டு. என்கிட்ட வந்து மரத்தூளு எரியுத கதை சொல்லுதா! எங்க வீட்டுல வென்னீரே தூள் அடுப்புலதான். நடுவுல ஒரு கட்டையை நட்டு, சுத்தித் தூளை இடிச்சு நெறைச்சு, கட்டையை உருவிட்டுத் தீ வச்சா காலையில இருந்து சாயந்தரம் வரை கணகணன்னு கெடக்கும். பொறுமையில தூளை மிஞ்சின நெருப்பு கிடையாது. இது மில்லுக்காரன் எல்லாவனுக்கும் தெரியும்.

செப்டம்பர் 17, புதன்

மொதலாளிகிட்ட சொன்னேன். திருமலைக்குமாரை எனக்கு அவன் அரைஞாண் கயிறோட ஓடின காலத்துல இருந்து தெரியும். இப்ப அந்தக் கயிறு எட்டாது, வயிறு அம்புட்டு.

"உறிஞ்சுத மிஷினா? பூதத்தாண்ணே, நான் ஊதுத மிஷின் வாங்கியிருக்கேன், பாருங்க"ன்னான். புது காத்து மிஷின். நீளமா மஞ்சக் குழாய். அதை வச்சு அடிச்சா சந்து பொந்துல இருக்க தூசியெல்லாம் பறந்துரும்.

"பறந்து எங்க போகும் மொதலாளி?"

"வெளிய போகும்."

"என் மூக்கு வழியாவா?"

சிரிச்சான். "பூசை முடியட்டும்ணே, கதவு போகட்டும், பாப்போம்"னான். மூக்குமூடியைப் பாத்துட்டு, "இது போட்டா நீங்க பேசுதது கேக்க மாட்டுக்கு, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

அதுதான் அந்த மூடில பெரிய குறை. உள்ளுக்குள்ள நல்ல நல்ல கிண்டலெல்லாம் சொல்லி வீணாப் போகுது. பத்து நிமிசத்துக்கு ஒருக்க கழட்ட வேண்டியிருக்கு.

சாயந்தரம் 265. மருந்து வேலை செய்யுது.

செப்டம்பர் 18, வியாழன்

டாக்டரம்மா தோத்துட்டா. வீட்டுக்குப் பின்னால, மிஷின்ல இருந்து அள்ளிட்டு வந்த மாவுத் தூளைக் குமிச்சு வச்சு தீக்குச்சி போட்டேன். புகைஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. ஒலகம்மா அதுல ரெண்டு கத்திரிக்கா சுட்டுட்டா.

செப்டம்பர் 22, திங்கள்

டாக்டரம்மாகிட்ட அதைச் சொல்லி, "இப்ப என்ன சொல்லுதீய"ன்னு கேட்டேன்.

"குமிச்சு வச்சுப் பாத்தீங்க. தூவிப் பாத்தீங்களா?"ன்னா.

அடுத்த ஆளு வந்துட்டு. எந்திரிச்சு வந்துட்டேன். வார வழியெல்லாம் அதே நெனப்பு. தூவினா என்ன?

செப்டம்பர் 23, செவ்வாய்

தூவினேன்.

ஒரு கைப்பிடிதான். தூள் அடுப்புக்கு மேல, கோலப்பொடி தூவுத மாதிரி. புஸ்ஸுன்னு என் ஒசரத்துக்கு ஒரு நெருப்பு எந்திரிச்சு நின்னுட்டு அப்படியே போயிட்டு. கண்ணு இமைக்கக் கூட நேரம் குடுக்கல. பக்கத்துக் கொடியில கெடந்த ஒலகம்மா சேலையில முந்தானை ஓரம் போச்சு. என் மீசையில வலது பக்கம் போச்சு.

ஒலகம்மா வாரியலை எடுத்துட்டு வந்தவ என் மூஞ்சியைப் பாத்துட்டு அப்படியே நின்னா. "இடது பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு, அதையும் எடுத்துருங்க"ன்னா. எடுத்துட்டேன். "முப்பத்தொம்பது வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் உங்க மூஞ்சி தெரியுது. அப்பவே தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன்."

தேன்கூடு கணக்கா ராட்டு ராட்டா தூசி தொங்குது மில்லு உத்தரத்துல. அதை நெனைச்சுக்கிட்டே சாப்பிட்டேன். சாம்பார் நல்லா இல்ல.

செப்டம்பர் 24, புதன்

மில்லுல எல்லாவனும் மீசையைத்தான் கேக்கான். "குலசாமிக்கு வேண்டுதல்"னு சொல்லிட்டேன். "முடி இறக்குவாவ, நீரு மீசை மட்டும் இறக்கியிருக்கீரே, சாமிக்குக் கொஞ்சம் போதுமா"ன்னு பாய் கேட்டான். சேர்மத்துரை, "அண்ணே, சின்னப் பையன் கணக்கா இருக்கீய"ன்னான். அவனை மட்டும் எனக்குப் புடிச்சுது.

உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனா அடுப்புல தூளைப் போட்டு மீசையைக் கருக்கிக்கிட்டான்னு இந்த ஊரு பத்து வருசம் சிரிக்கும். மத்தவனைப் பாத்துச் சிரிக்கது என் வேலை. அது போக, இதை ஆபத்துன்னு சொன்னா, உப்புத்தாள் மிஷினை நிறுத்துன்னு எவனாவது சொல்லிருவான். பூசை கழியட்டும்.

நம்பர் எழுதல. முள்ளு மாட்டிக்கிட்டு.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்னைக்கு வாகை மரம் வந்துச்சு. வாகையை அறுத்தா மில்லு பூரா தும்மல்தான். பாய் ஒண்ணு போட, துரை ரெண்டு போட, மொதலாளி ஆபீஸ்ல இருந்து மூணு போட்டான். நான் நின்னு எண்ணினேன். இருவத்தேழு. அதுல பதினொண்ணு என்னோடது.

எல்லாவனும் ஓஞ்சு கெடந்தான். கலகலப்பாக்கலாம்னு தடிக் குவியல் பக்கம் போய், "பாம்பு! பாம்பு!"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். துரை பாஞ்சு போய் மொதலாளி மேசை மேல ஏறிட்டான். மொதலாளி நாற்காலி மேல ஏறிட்டான். நாற்காலி தாங்கல, ஒடைஞ்சிட்டு.

"பூதத்தாண்ணே, இனிமே நீங்க செத்தேன்னு சொன்னாலும் நம்ப மாட்டேன்"னான் துரை.

நம்பர் எழுதல.

செப்டம்பர் 30, செவ்வாய்

கதவு முடியல. எப்பவும் பூசைக்கு முந்தின நாள் தண்ணி தெளிச்சு, ஒட்டடை அடிச்சு, பெருக்கி முடிச்சிருவோம். இன்னைக்கு அதுக்கு நேரம் இல்ல. நாளைக்குக் காலையில கதவை ஏத்திவிட்டுட்டு, சுத்தம் பண்ணிக்கிட்டே பூசையை முடிச்சிரலாம்னு மொதலாளி சொல்லுதான். பத்தரைக்கு மேல நல்ல நேரம் கிடையாதாம்.

சாயந்தரம் மிஷினை நிப்பாட்டிட்டு அது பக்கத்துலேயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். களைப்பு இல்ல. சும்மா.

அக்டோபர் 1, புதன்

எழுத முடியல.

அக்டோபர் 2, வியாழன்

ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து எழுதுதேன். பக்கத்துல ஒலகம்மா ஆரஞ்சு உரிச்சு அவளே தின்னுக்கிட்டு இருக்கா.

நேத்து நடந்தது இது. ஒம்பதரைக்குத்தான் லாரி போச்சு. ஒடனே மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. வாசல்ல ஒருத்தன் சாம்பிராணிச் சட்டியில கங்கு போட்டு வச்சுட்டான். மொதலாளி, "ஒட்டடைக் கம்பெல்லாம் எதுக்கு"ன்னு புது மஞ்சக் குழாயோட ஏணியில ஏறிட்டான். என் மிஷினுக்கு மேல உள்ள உத்தரத்துல காத்தை அடிச்சான். ஒட்டடைக் கம்பு எட்டாத இடம், எத்தனை வருசத்துத் தூசியோ, பொதுபொதுன்னு எறங்குச்சு. மார்கழி மாசத்துப் பனி மாதிரி அந்தப் பக்கமே தெரியல.

நான் வாசல் பக்கம் பொரித்தட்டோட உக்காந்திருந்தேன். அப்பத்தான் சேர்மத்துரை திருஷ்டிப் பூசணிக்காயைக் கையில ஏந்திட்டு வந்தான். மேல கற்பூரம் எரியுது. ஒவ்வொரு மிஷினா சுத்திக் காட்டிட்டு, கடைசியில ரோட்டுல உடைக்கணும். பெரிய ரம்பத்துக்குக் காட்டியாச்சு. இழைப்பு மிஷினுக்குக் காட்டியாச்சு. அடுத்து என் மிஷின். நேரா அந்தப் பனிக்குள்ள போறான்.

எந்திரிச்சேன். கத்தணும். வாயைத் தொறந்தா சத்தம் இல்ல. காத்தே இல்லையே உள்ள. இருமல்தான் வருது. கையை ஆட்டினேன், தட்டைக் கீழ போட்டேன்.

"என்ன அண்ணே, இன்னைக்கும் பாம்பா?"ன்னு துரை சிரிச்சான். எல்லாவனும் சிரிச்சான். பாயும் சிரிச்சான்.

பக்கத்துல மஞ்சத்தண்ணி வாளி இருந்துச்சு. எப்படித் தூக்கினேன்னு தெரியாது. ஓடி அப்படியே அவன் தலையோட கவுத்துட்டேன். பூசணிக்காய் விழுந்து உடைஞ்சுது, கற்பூரம் அணைஞ்சுது. துரை மஞ்சளா நிக்கான், மாரியம்மன் கோயில் கொடைக்கு மஞ்ச நீராடினவன் மாதிரி.

வாசல்ல நின்னவன்லாம் என்னைய ஏசுததுக்கு உள்ள ஓடி வந்தான். மொதலாளி ஏணியில இருந்து எறங்குதான். "கிழட்டு மூதி! நல்ல நாளும் அதுவுமா, நடு மில்லுல பூசணிக்காயை உடைச்சுட்டீரே!" கோவத்துல குழாயைக் கீழ போட்டான். அது நிக்கணுமே! காத்து வந்துக்கிட்டே இருக்குலா, தரையில துள்ளிக் குதிச்சு, கெடந்த தூசியெல்லாம் கெளப்பி வாசல் பக்கம் தள்ளுது. அதைப் புடிக்க மொதலாளி பின்னாலேயே ஓடுதான். வாசல்ல சாம்பிராணிச் சட்டி.

புஸ்ஸுன்னு ஒரு மஞ்சள் போர்வையை எவனோ விரிச்ச மாதிரி இருந்துச்சு. விரிச்சான், சுருட்டிட்டான். அம்புட்டுத்தான். மாவிலைத் தோரணம் கரிக்கட்டை. மொதலாளி அப்படியே தரையில உக்காந்துட்டான், புருவம் ரெண்டும் காணோம், முன்முடியும் கொஞ்சம் காணோம். வேற சேதம் இல்ல. வாசல்ல ஒருத்தனும் இல்லேல்லா, எல்லாவனும் என்னைய அடிக்க உள்ள வந்திருந்தான். அங்கங்க புடிச்ச தீயைத் தண்ணி ஊத்தி அணைச்சுட்டானுவ. பாய்தான் முதல்ல ஓடிப் போய் மெயினை அணைச்சவன். அப்புறம் மூச்சு விட முடியாமக் கெடந்த என்னைய முதுகுல தூக்கிப் பின்வாசல் வழியா வெளிய கொண்டு வந்தான். "நெய்ச்சோறு போட்டு வளத்தது நான். நானே சொமக்கணும், தலையெழுத்து"ன்னான்.

பனி நடுவுல அந்தக் கற்பூரம் போயிருந்தா இன்னைக்கு இந்த நோட்டை எவனும் எழுத மாட்டான். மீசை போன கதையை அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தக் குழாய் ஏணி ஏறியே இருக்காது.

இதை நான் எழுத வேண்டாம்னுதான் நெனைச்சேன்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்னைக்குத்தான் கையெழுத்து நாள்.

டாக்டரம்மா ஊதச் சொன்னா. 335. ரெண்டு நாளா மில்லு வாசம் இல்ல, மருந்து வேற.

"நல்லா இருக்கே"ன்னு நோட்டை வாங்கிப் பாத்தா. "பதினெட்டாம் தேதியில இருந்து நம்பரே இல்லையே. ஊதினீங்களா?"

"ஊதினேன்."

"எவ்வளவு? சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்." பேனாவைத் தொறந்துட்டா. மேசையில மில்லுக் கடுதாசி விரிச்சு வச்சிருக்கு. ஒலகம்மா வெளிய மருந்து வாங்கிட்டு நிக்கா. உள்ள காட்டிக் குடுக்க ஆள் இல்ல. 310, 320, 305ன்னு சொன்னா முடிஞ்சுது சோலி. நாக்கு நுனியில வச்சிருந்தேன்.

"இருநூத்தி இருவது"ன்னேன். "இருநூத்தி முப்பது. வாகை வந்த அன்னைக்கு நூத்தித் தொண்ணூறு. மத்ததை மறந்துட்டேன், ஆனா ஒண்ணும் பெருசில்ல."

அவ ஒண்ணும் எழுதல. என் மூஞ்சியவே பாத்தா.

"கையெழுத்து வேண்டாம் டாக்டரம்மா. போட்டா நீங்களும் என்னைய மாதிரி பொய்க்கணக்கு எழுதுத ஆளா ஆயிருவீய."

கடுதாசியை மடிச்சு உள்ள வச்சா. நான் அழுவேன்னு நெனைச்சா போல, ஒரு டம்ளர் தண்ணி குடுத்தா. குடிச்சேன். "சீனி போடலையா"ன்னு கேட்டேன்.

அக்டோபர் 4, சனி

சாமானை எடுக்க மில்லுக்குப் போனேன். ஒரு டிபன் பாக்ஸு, ரெண்டு துண்டு, பழைய செருப்பு. அம்புட்டுத்தான் நாப்பத்தொரு வருசம்.

குழலையும் கொண்டு போனேன். எல்லாவனையும் வரிசையா நிக்க வச்சு ஊதச் சொன்னேன். ஒவ்வொருத்தன் நம்பரையும் கோயில் மைக்குல சொல்லுத மாதிரி சத்தமாச் சொன்னேன். புருவம் இல்லாத மொதலாளி ஊதினான், "நானூத்தி முப்பது, இதுல பாதி கோவக் காத்து"ன்னேன். எல்லாவனும் சிரிச்சான், அவனும் சிரிச்சான். பாய் ஊதினான், நானூத்தி இருவத்தஞ்சு. அவன் இன்னும் அஞ்சு கூட்டியிருக்கான், கண்ணு போடக் கூடாது.

சேர்மத்துரை ஊதினான்.

அந்த வயசுக்கு ஐந்நூறு தாண்டணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. 310ல நிக்கு. இன்னொரு தரம் ஊதச் சொன்னேன். 300.

நான் மைக்குல சொல்லல. "எம்புட்டுண்ணே?"ன்னு கேட்டான்.

"திங்கக்கிழமை டாக்டரம்மாவைப் போய்ப் பாரு"ன்னேன்.

"திங்கக்கிழமை முடியாதுண்ணே. உங்க மிஷினை இனிமே என்னைய ஓட்டச் சொல்லியிருக்காவ மொதலாளி."

நேரா கரெண்டுப் பெட்டிகிட்ட போனேன். உப்புத்தாள் மிஷினுக்குப் போற பீஸ் கட்டை மூணையும் உருவி மடியில கட்டிக்கிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

மொதலாளி பின்னாலேயே வந்தான். "என்னண்ணே எடுத்துட்டுப் போறீய?"

"செருப்பு."

"மடியில என்ன?"

"உறிஞ்சுத மிஷின் வந்தா சொல்லி அனுப்புங்க. அன்னைக்குக் காட்டுதேன்."

அக்டோபர் 11, சனி

வாரம் பூரா காலம்பற மொதலாளி வீட்டுக்கு வாரான். நாற்காலியில உக்காந்து, "அந்தக் கட்டையைக் குடுங்கண்ணே"ன்னு ஒருக்க கேப்பான். "எங்க வச்சேன்னு மறந்துட்டு"ன்னு நான் சொல்லுவேன். ஒலகம்மா காப்பி குடுப்பா. குடிச்சுட்டு, கோயம்புத்தூர்ல எந்தக் கம்பெனி உறிஞ்சுத மிஷினு நல்லது, எம்புட்டுக் குதிரை சக்தி, எந்த உத்தரத்துக்குக் கீழ குழாய் போடணும்னு எங்கிட்டயே கேட்டுட்டுப் போவான். நேத்து அளவு எடுக்க ஆள் வந்துட்டானாம். சேர்மத்துரை வெளிய தடி எறக்குத இடத்துல நிக்கானாம், டாக்டரம்மா அவனுக்கும் ஒரு நோட்டு குடுத்துட்டா.

இன்னைக்கு மொதலாளி போனதும் ஒலகம்மா கேட்டா. "ஏங்க, நீங்க அதைக் குடுக்காம அந்தப் பையனை இப்படி நடக்க வைக்கீயளே, பாவமில்லையா?"

"அடியே, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மின்சாரக் கடையில அந்தக் கட்டை கெடைக்கு. முப்பது ரூவாய்தான். குமாருக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவன் இன்னும் வாங்கல.